வழியில் தெரிந்த வெளிச்சம்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குரு தஸ்லிமாவுக்கு இருபத்தெட்டு.

ஊரில் பாதி வீடுகளுக்கு கரண்ட் ஒயர் இழுத்தவர் சவரிமுத்து. அவர் இழுத்த ஒயர் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும், மூலை வந்தால் கச்சிதமாக மடங்கும். நான்கு மாதத்துக்கு முன்பு இன்டர்நெட் கம்பெனியில் சேர்ந்தபோது, கண்ணாடி இழை ஒயரைப் பற்றிக் கற்றுக்கொள்ளச் சொல்லி அவரைத் தஸ்லிமாவோடு அனுப்பினார்கள். அவர் ஓயாமல் கேள்வி கேட்பார். அவள் பெரும்பாலும் வாயால் பதில் சொல்வதில்லை. கையில் எதையாவது கொடுத்துவிடுவாள்.

அன்று மூன்று மணிக்குக் கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். பதினோரு நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, முந்தாநாள் சாயந்தரத்துல இருந்தே நெட் வர்றதும் போறதுமா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில மொத்தமா போயிட்டு. நாலு மணிக்குக் கப்பலை எடுத்துருவாங்க."

அவள் புருஷன் ரெக்சன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் வீட்டோடு பேச முடியும். இன்று விட்டால் இருபத்தாறு நாள் கடல். குழந்தைக்கு என்ன பெயர் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முகத்தைப் பார்த்துத்தான் முதல்முறை கூப்பிடுவேன் என்று ஒரே பிடியாக நின்றான். மாடிக்குப் போனால் செல்போனில் குரல் கேட்கும். படம் வராது.

மோடத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"வெளிய போஸ்ட்லதான் மேடம் கோளாறு," என்றார் சவரிமுத்து. "உள்ள நான் முந்தாநாள்தான் வந்து பார்த்தேன். ஒயர் தொங்குதுன்னாங்க. கிளிப் அடிச்சு, சுவரோட சேர்த்து, அம்சமா பண்ணி வச்சிருக்கேன். ஏணியை எடுக்கட்டுமா?"

தஸ்லிமா சுவரை ஒருமுறை பார்த்தாள். பையிலிருந்து தடித்த பேனா போன்ற ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஏணி இருக்கட்டும்ணே. இந்த லேசரை ஒயர்ல விட்டுப் பாருங்க. முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சிராதீங்க."

அவர் மோடத்திலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் நுனியைப் பேனாவில் செருகி, பொத்தானை அழுத்தினார்.

"இப்ப எங்க மேடம் வெளிச்சம் தெரியணும்?"

"வழியில எங்கயும் தெரியக் கூடாது."

"தெரிஞ்சா?"

"போய்ப் பாருங்க."

ஜன்னல் வழியாக வெயில் அறை முழுக்கக் கொட்டியது. அதில் வெள்ளை ஒயர் வெள்ளையாகவே இருந்தது. ஜெசிந்தாவின் மாமனார் கஸ்பார் கதவைச் சாத்தினார். நாத்தனார் பிரின்சி ஜன்னலில் துணியைத் தொங்கவிட்டாள். அப்போதும் இருட்டு போதவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து, சவரிமுத்துவின் தலைக்கு மேலே ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தார்கள். அவர் நகர, போர்வையும் சுவரோரமாக அடியடியாக நகர்ந்தது.

"சப்பரம் தூக்குற மாதிரில்லா இருக்கு," என்று பிரின்சி சிரித்தாள். அந்த அவசரத்திலும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போர்வைக்குள் சவரிமுத்து சிரிக்கவில்லை. கதவு நிலைக்குப் பக்கத்தில், மூலையில், ஒயருக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு புள்ளி ஒளிர்ந்தது. மாதுளை முத்து அளவுதான் இருக்கும். அங்கே ஒயரை அவர்தான் மடக்கியிருந்தார். சதுரமாக, இரண்டு பக்கமும் கிளிப் வைத்து, சுத்தியலால் தட்டி இறுக்கியிருந்தார்.

அவர் கட்டைவிரலால் அதை மூடினார். நகத்தோரம் சிவந்தது.

"மாமா, ஏதாச்சும் தெரியுதா?" வெளியிலிருந்து பிரின்சி கேட்டாள்.

சவரிமுத்து விரலை எடுத்தார். போர்வையை விலக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"தெரியுதும்மா. என் வேலைதான். அழகா இருக்கட்டும்னு மடக்கிட்டேன்."



"அழகாத்தான் இருந்துச்சு," என்றார் கஸ்பார். "தொங்குதுன்னு உம்மகிட்ட சொன்னதே நான்தானய்யா."

தஸ்லிமா ஸ்க்ரூடிரைவரைச் சவரிமுத்துவின் கையில் வைத்தாள். "உள்ள இருக்கது கண்ணாடிண்ணே. வளையும். மடங்காது."

அவர் இரண்டு கிளிப்பையும் பெயர்த்தார். ஒயரை டம்ளர் வாய் அளவுக்கு வட்டமாகத் தளர்த்திவிட்டார். புள்ளி மங்கியது, பிறகு இல்லாமலே போனது. பேனாவைக் கழற்றி, நுனியைத் துடைத்து, மோடத்தில் செருகினார். சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லோரும் மோடத்தையே பார்த்தார்கள். பச்சை எரிந்தது.

மூன்று முப்பத்தெட்டு.

ரெக்சன் மஞ்சள் தொப்பியோடு திரையில் வந்தான். பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள், ஒரே சத்தம். ஜெசிந்தா குழந்தையைப் போனுக்கு நேராகப் பிடித்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"சொல்லேம்ல," என்றார் கஸ்பார்.

"அமலி," என்றான் ரெக்சன்.

குழந்தை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு தும்மியது.

வீடே கூச்சல் போட்டது. அமலி, அமலி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ நான்கைந்து பேர் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். சவரிமுத்துவும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நல்ல பெயராகத்தான் இருந்தது.

கப்பல் சங்கு ஊதும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது பிரின்சி ஆளுக்கு இரண்டு முந்திரி மக்ரூன் கொடுத்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சவரிமுத்து தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மேடம், உள்ள நுழைஞ்சதுமே நீங்க அந்த மூலையைத்தான பார்த்தீங்க?"

"ஆமாண்ணே."

"அப்பவே தெரிஞ்சிருச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தஸ்லிமா ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டாள். அது நாக்கில் கரைந்தது.

"நான் சொல்லியிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்கண்ணே," என்றாள். "அதைக் கேட்டு முடிக்கவே நாலு மணி ஆயிருக்கும்."