தளபதியின் கயிறும் நண்டு வளையும்

ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. நூற்றெண்பது முழக் கயிற்றைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு, தளபதி வல்லபராயர் சங்குப்பட்டினத்து அரசவைக்குள் நுழைந்தார்.

மன்னர் இளவழுதிக்கு முகம் வாடிவிட்டது. கடற்கொள்ளையரைத் தளபதி விரட்டிய மகிழ்ச்சியில், விருந்தின் நடுவே, "ஒரு கயிறு கொண்டு வாரும். அதைக் கொண்டு எவ்வளவு நிலத்தை அடைக்கிறீரோ அவ்வளவும் உமக்கு" என்று சொல்லியிருந்தார். சபையே கேட்டிருந்தது.

"இந்தக் கயிற்றால் எதை அடைக்கப் போகிறீர்?" என்று கேட்டார் மன்னர்.

"மணல்திட்டை, அரசே."

சபை சலசலத்தது. மணல்திட்டு கடலுக்குள் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் இடம். ஊரின் படகெல்லாம் அங்கேதான் ஏறும். வலையெல்லாம் அங்கேதான் காயும்.

"அவ்வளவு பெரிய திட்டுக்கு இந்தக் கயிறு போதுமா?"

"திட்டு கரையோடு சேரும் இடம் குறுகல், அரசே. அங்கே குறுக்கே இழுத்துக் கட்டினால் போதும். மற்ற மூன்று பக்கமும் கடல் அடைத்துக்கொள்ளும்."

மன்னர் ஓரக்கண்ணால் சேந்தனைப் பார்த்தார். சேந்தன் அந்த அவையின் விகடகவி. அவைக்கு வருமுன் பத்துப் பன்னிரண்டு வருஷம் கப்பலில் பாய் கட்டியவன். அந்தப் பார்வை தளபதி கண்ணிலும் பட்டது.

"ஓர் ஆணை வேண்டும், அரசே. இந்தக் கயிற்றை யாரும் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, மாற்றக் கூடாது. சேந்தனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

அப்படியே ஆணை பிறந்தது. புதன்கிழமை அளப்பது என்று முடிவாயிற்று.

சேந்தன் எழுந்து போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். சுண்டுவிரலில் பாதிப் பருமன். நல்ல முறுக்கு.

"கயிறு உறுதிதான், தளபதியாரே. பார்க்கத்தான் கன்றுக்குட்டி கட்டுவது மாதிரி இருக்கிறது."

"என்ன சொல்கிறீர்?"

"புதன்கிழமை மூன்று நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். கொள்ளையரை வென்றவர் கையில் மொட்டைக் கயிறா? எங்கள் கப்பலில் மணி அடிக்கிற கயிற்றுக்கே கிரீட முடிச்சு, சங்கிலி முடிச்சு எல்லாம் போட்டு, முனையில் குஞ்சமும் விடுவோம். கொடுங்கள், இதையும் அப்படி அழகாக்கித் தருகிறேன்."

தளபதி தாடியைத் தடவினார். தூதர்கள் அவர் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஒரு நார் குறைந்தாலும்?"

"என்னை நாடு கடத்துங்கள். வேண்டுமானால் எடை போட்டே கொடுங்கள்."

தளபதி படைக் கிடங்கில் வளர்ந்த மனிதர். அரிசி, அம்பு, ஆணி எதுவானாலும் தராசில் வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. கயிற்றைத் தராசில் ஏற்றினார், எடையைச் சபையில் உரக்கச் சொன்னார், சேந்தனிடம் ஒப்படைத்தார்.

சேந்தன் நேரே மணல்திட்டுக்குப் போனான். வலை முடைவதில் கைதேர்ந்த கடலாச்சியைக் கூப்பிட்டான்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்களை அடைக்கப் போற கயித்துக்குப் பூ வைக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

"கோபமா, ஆச்சி?"

"பின்னே? படகை என் தலையிலயா ஏத்துறது?"

"அந்தக் கோபத்தோடேயே முடிச்சை இழு. அப்போதுதான் இறுகும்."

அவன் கயிற்றை மடித்து மடித்து நடுவே திரி போல வைத்தான். மேலே கிரீட முடிச்சு, அதன் மேல் சங்கிலி முடிச்சு, மறுபடி கிரீடம். கடலாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சாயங்காலம் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏய்யா... இது என்ன, முடிச்சுப் போடப் போட நீளமெல்லாம் காணாமப் போகுது?"

"மெதுவாகப் பேசு, ஆச்சி."

அதன் பிறகு அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள். கயிற்றின் இரண்டு நுனிகளையும் முறுக்கவிழ்த்து நார்நாராகப் பிரித்துவிட்டார்கள். முடிச்சு கல்லாக இறுக, எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டார்கள்.

புதன்கிழமை ஊரே மணலில் நின்றது. தூதர்கள் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். சேந்தன் ஒரு கூடையைக் கொண்டுவந்தான். உள்ளே பட்டுத் துணியில் ஏதோ சுற்றியிருந்தது.

"முதலில் தராசு," என்றார் தளபதி.

கூடைக்கும் துணிக்கும் எதிர்த்தட்டில் வேறொரு கூடையும் துணியும், கயிற்றுக்கு அன்று சபையில் சொன்ன எடைக்கான கற்களும் வைத்துச் சரிபார்த்தார்கள். முள் நேராக நின்றது.

"ஒப்புக்கொள்கிறீரா?" என்று கேட்டார் மன்னர்.

"ஒப்புக்கொள்கிறேன். என் கயிறுதான். முழுக் கயிறு. ஒரு நார் குறையவில்லை!"

சேந்தன் துணியை விலக்கினான். உள்ளே முழ நீளத்தில் ஒரு கைத்துடைப்பம். கைப்பிடி முழுக்க அடுக்கடுக்காக முடிச்சு. முனையில் அழகான நார்க் குஞ்சம்.

தூதர்களில் ஒருவர் "ஆகா" என்றார். அவர் வேலைப்பாட்டைத்தான் பாராட்டினார்.

"அவிழ்!" என்று கத்தினார் தளபதி. ஒரு சிப்பாய் நகத்தால் பார்த்தான், பிறகு பல்லால் கடித்தான். முடிச்சு அசையவில்லை. பல் அசைந்தது.

"அப்படியானால் வெட்டு!"

"வெட்டக் கூடாது என்று ஆணை இருக்கிறதே," என்றான் சேந்தன். "கேட்டு வாங்கியவர் யார் என்று மறந்துவிட்டேன்."

மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டு, துடைப்பத்தை வாங்கித் தானே மணலில் வைத்தார். நார்க் குஞ்சத்தை மெல்ல வட்டமாக வளைத்துவிட்டார். அதற்குள் ஒரு நண்டு வளை அடங்கியது.

"வாக்குத் தவற மாட்டேன், தளபதியாரே. இந்த நண்டு வளை உமக்கும் உம் வாரிசுகளுக்கும்."

"அரசே, இந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

சேந்தன் பணிவாகக் குனிந்தான். "புது நிலம், தளபதியாரே. ஒரே மணலாகக் கிடக்கிறது. குடியேறுமுன் கூட்டித் தள்ளுங்கள். துடைப்பம் கையிலேயே இருக்கிறது."

மன்னர் சிரித்த சிரிப்பில் குடை சாய்ந்தது. சேந்தனுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. கடலாச்சி, திட்டு என்றைக்கும் மீனவருக்கே என்ற ஆணையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறு ஆண்டு தை மாதம் பத்தாம் நாள், ஒரு பெரிய அலை வந்து தளபதியின் நிலத்தை மூடிவிட்டது. நண்டு பக்கத்திலேயே வேறு வளை தோண்டிக்கொண்டது.