ஆள்காட்டிக்கு மொண்ட தண்ணீர்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல். இறக்கை உண்டு, மரத்தில் உட்காராது. குஞ்சு உண்டு, கூடு கிடையாது. ஆளைக் கண்டால் ஊரையே கூட்டிவிடும். அது என்ன?

கோழி என்றுதான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் கோழி கிளையில் ஏறி அடைந்துவிடும், அதனால் கோழி இல்லை. விடை ஆள்காட்டிக் குருவி. நீண்ட மஞ்சள் கால், கண்ணோரத்தில் சிவப்பு, வெள்ளை வயிறு. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் பேசிப் பழகிய காலத்தில், இந்தப் பறவையும் மற்றவற்றைப் போல மரத்தில்தான் கூடு கட்டியது. கடலுக்குக் கிட்டத்தில் ஒரு வறண்ட ஊர். ஊர்க் குளத்தைக் கண்மாய் என்பார்கள். கண்மாய்க் கரையில் ஒற்றைக் கருவேல மரம். அந்த மரத்தின் உச்சிக் கிளையில் ஒரு ஜோடி குடியிருந்தது.

அந்த வருஷம் கோடை சீக்கிரமே வந்தது, வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கண்மாய் வற்றி, சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்தது. முற்றத்தில் கிடந்த அம்மியில் கை வைக்க முடியவில்லை. உலக்கை பிடித்தவர்களுக்கு நாலு குத்துக்குள் கண் இருட்டியது. சோறு வடிப்பதை நிறுத்திவிட்டுப் பழைய கூழைக் குடித்தார்கள். கூழும் காலைக்குள் புளித்து நுரைத்தது. துணி துவைப்பதை மறந்தே போனார்கள். மணலில் நடக்க முடியாமல், எருக்கிலையை அடுக்கிப் பனைநாரால் பாதத்தில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இலை வாடி உதிர்ந்ததும் நடுவழியில் நின்று குதித்தார்கள்.

எந்த வேலையை விட்டாலும் தண்ணீர் வேலையை விட முடியுமா? கண்மாயின் நடுமடுவில் மணலைத் தோண்டி ஒரு ஊற்று போட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் கண்ணீர் மாதிரிக் கசியும். கசியக் கசியத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு வீடு முறை. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் கரையோரம் காத்திருப்பார்கள். அந்த ஊற்றுக்கு ஒரே ஒரு விதி உண்டு. மணலைத் தோண்டும் கைக்கு நீலக்களிமண் தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். களிக்குக் கீழே இருப்பது உவர், கடலின் தண்ணீர். களியைக் கீறினால் அது மேலே ஏறி நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும்.

உச்சிப் பொழுதில் எல்லாரும் வீட்டுக்குள் சுருண்டுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, கசிந்து கிடந்ததை மொண்டுகொண்டு போனார்கள். அதனால் காவல் போட வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. அந்தக் காவல் நாச்சியின் தலையில் விழுந்தது.

நாச்சிக்கு அப்போதுதான் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார். வீட்டில் அம்மா இருளாயியும், தவழ்ந்து திரியும் தம்பி சேதுவும்தான். நாச்சி தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு ஊற்றுக்குப் போவாள். உட்காருவதற்குள் துணி காய்ந்துவிடும். ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வந்து காவல் நிற்பாள், அப்புறம் தம்பியை யார் பார்ப்பது?

மறுநாள் அவள் கருவேல மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"குருவி, குருவி! எனக்குப் பதிலா நீ காவல் இருக்கியா?"

"நல்லா இருக்கே நாயம்!" என்றது பறவை. "உங்க ஆட்டுக்குத் தழை தழையா ஒடிச்சு என் மரத்தையே மொட்டையாக்கிட்டீங்க. என் வீட்டுக்காரர் தண்ணி தேடிப் போனவர் இன்னும் வந்து சேரல. இன்னைக்கோ நாளைக்கோ முட்டை வைக்கணும். இந்த வெயில்ல வச்சா அது முட்டையா இருக்குமா, அவியலா இருக்குமா? அந்தக் கவலையில நான் இருக்கேன். காவலுக்குக் கூப்பிட வந்துட்டா!"

நாச்சி யோசித்தாள். "ஊற்றுப் பக்கத்துல வந்து முட்டை வை. தினமும் ஒரு சிரட்டைத் தண்ணி உனக்கு. கல்லு மேல தெளிச்சா சூடு தணியும்ல?"

"தரையிலயா? நரி வரும், நாய் வரும்."

"அதுங்களுக்கும் சேர்த்துக் கத்து."

பறவை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "முட்டை வச்சுட்டா அப்புறம் என்னால இடம் மாத்த முடியாது, நாச்சி. ஒரு நாள் தண்ணி வரலைன்னாலும் போச்சு. தெரிஞ்சுதானே சொல்ற?"

"தெரிஞ்சுதான்" என்றாள் நாச்சி.

பறவை மரத்தை விட்டு இறங்கியது. ஊற்றுக்கு அருகில் சரளைமேட்டில் நான்கு முட்டை வைத்தது. நாச்சி அன்று உச்சிப் பொழுதில் வீட்டில் படுத்துத் தூங்கினாள்.

அந்த ஊருக்கு அப்படி ஒரு காவல் அதற்கு முன் வாய்த்ததே இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பதுங்கிப் பதுங்கி வந்த ஓர் ஆள் கண்மாய்க்குள் கால் வைத்ததுமே, "ஆளு! ஆளு! ஆளு வருது!" என்று பறவை எழும்பிக் கத்தியது. பெண்கள் விளக்குமாற்றோடு ஓடி வந்தார்கள். "ஒரு குருவிக்குப் பயந்து ஓட வேண்டியிருக்கே!" என்று புலம்பிக்கொண்டே அவன் கரையேறினான். அன்றைக்கே ஊர் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்துவிட்டது.

"இருளாயி மதினி, உன் மவ சாமர்த்தியக்காரிதான்" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி. "இப்பவே வேலைக்கு ஆள் வச்சுட்டா. நாளைக்கு மாமியா வீட்டுக்கும் இந்தக் குருவியையே அனுப்பிடுவா!"

சிரிக்கத் தெம்பிருந்த நாட்கள் அவை. வெயில் குறையவில்லை. ஊற்றுதான் குறைந்தது. ஒரு குடம் நிறைந்த நேரத்தில் அரைக்குடம், பிறகு கால் குடம். காத்தாயியின் குரல் மாறியது.

"மனுசன் நாக்கு நனையத் தண்ணி இல்ல. கல்லுக்கு அபிஷேகம் நடக்குது."

"எங்க பங்குலதான் குடுக்கோம், மதினி" என்றாள் இருளாயி. "பிள்ளை வாக்குக் குடுத்துட்டா. அதை நம்பி மரத்தை விட்டு இறங்கிருச்சு." பிறகு மகளிடம் சொன்னாள்: "கடைசியில மொள்ளலாம்னு விட்டா நமக்கே மனசு வராதுடி. முதச் சிரட்டை அதுக்கு. பிறகு நமக்கு."

நாச்சி அப்படியே செய்தாள். தண்ணீரைத் தெளித்ததும் கல்லிலிருந்து ஆவி எழும். பறவை ஈரத்தின் மேல் வயிற்றை வைத்து, இறக்கையை விரித்துப் படுக்கும். "உள்ள அசையுது, நாச்சி. காதை வச்சுக் கேளு" என்று ஒரு நாள் சொன்னது. நாச்சி குனிந்து கேட்டாள். ஓட்டுக்குள் ஏதோ தட்டியது. எழுந்தபோது அவள் கன்னத்தில் சரளைக் கற்களின் தடம் பதிந்திருந்தது.

ஊற்று குறையக் குறைய, உச்சிப் பொழுதிலும் பெண்கள் கரையில் காத்துக் கிடந்தார்கள். ஒரு நாள் இருளாயியின் முறை அந்த நேரத்தில் வந்தது. நாச்சியும் சிரட்டையோடு கூட வந்ததால், சேதுவை விட்டுவர ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தைய நாள் முழுக்க அழுத பிள்ளை அன்று அழவில்லை. அவள் தோளில் தலை தொங்கியது. உதடு வெடித்து வெளுத்திருந்தது. தோலைத் தொட்டால் சட்டியைத் தொட்டது போலிருந்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. காத்தாயி கரையிலிருந்து பார்த்துவிட்டு, தன் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அதிலும் ஒன்றுமில்லை. வரிசையில் இருந்த எல்லாக் குடமும் வெறும் குடம்.

நாச்சி வழக்கம்போல் முதல் சிரட்டையை மொண்டு ஓரமாக நின்றாள். ஊற்றில் கிடந்தது அவ்வளவுதான். இருளாயி பிள்ளையைத் தன் நிழலில் கிடத்திவிட்டுக் குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவினாள். ஈர மணல்தான் வந்தது. காத்திருந்தாள். கசியவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினாள். விரல் நுனியில் வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

"ஆத்தா, களி!" என்றாள் நாச்சி, அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு.

இருளாயி கையை எடுத்தாள். திரும்பிச் சேதுவைப் பார்த்தாள். அவன் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவள் மறுபடி கையை விட்டாள். நகத்தால் கீறினாள்.

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. தெளிந்த தண்ணீர், கை நிறைய, குழி நிறைய. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று நாச்சி துள்ளினாள். கரையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். இருளாயி இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தாள். அப்படியே துப்பினாள்.

உப்பு.

"அடிப்பாவி!" என்று காத்தாயி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "ஊரையே கொன்னுட்டியேடி! இனி எங்க போவோம்?" மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுவைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கரையேறிப் போனாள். அடுத்த ஊர் ஊற்று அங்கிருந்து வெகுதூரம். போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அங்கே கொடுப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. அவர்களைத்தானே விளக்குமாற்றால் விரட்டியிருந்தார்கள்.

இருளாயி எழுந்தாள். முழங்கை வரைக்கும் நீலக்களி. அவள் மகளுடைய கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான்.

"கொண்டா, தாயி" என்றாள். அம்மா தன்னிடம் கெஞ்சி நாச்சி அதுவரை கேட்டதில்லை.

"நாச்சி," என்றது பறவை. அது முட்டையை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் வெயில் முட்டையில் விழும். அலகு திறந்தபடி, மூச்சு வாங்கியபடி பேசியது. "அது எனக்கு மொண்ட தண்ணி."

"ஆமா" என்றாள் நாச்சி.

"நான் யாரையும் உள்ள விடல. ஒரு நாளும் தூங்கல."

"ஆமா, குருவி."

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாக் குடுத்தா என்ன, ஆத்தா?" என்று நாச்சி கேட்டாள். பறவைதான் உண்மையைச் சொன்னது.

"பாதியில கல்லு குளிராது. பாதியில உன் தம்பிக்கும் உசிரு திரும்பாது. பாதி யாருக்கும் ஆகாது, நாச்சி."

காத்தாயிகூட அழுகையை நிறுத்திவிட்டாள். ஊற்றுக் குழியில் உப்புத் தண்ணீர் நிறைந்து, வெயிலில் பளபளத்தது. சிரட்டையின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருந்தது. நாச்சி அது சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எருக்கிலை உதிர்ந்துபோய், கால் மணலில் வெந்தது. காலை மாற்றி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

சேது அந்தக் கோடையைத் தாண்டினான். முட்டைகள் தாண்டவில்லை. மொட்டையான மரத்துக்குப் பறவை திரும்பவில்லை, தரையிலேயே தங்கிவிட்டது. அன்று முதல்தான் ஆள்காட்டி யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. எவ்வளவு தூரமானாலும் தானே பறந்துபோய், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஈரத்தைக் கொண்டுவந்து தன் முட்டைகளின் மேல் வைக்கிறது. ஊருக்காக அது கத்துவதும் இல்லை. எந்த மனிதர் கிட்டே வந்தாலும், குழந்தையாக இருந்தாலும், வெறுங்கையோடு வந்தாலும், அவர்களைக் காட்டித் தன் இனத்துக்குச் சொல்லிக் கத்துகிறது.

நாச்சி அந்தத் தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்தாள்.