மூக்கு வாசலில் காவல் இருந்த அணில்

கிட்ட வந்து உட்காருங்கள். என் தொண்டை பழைய மாதிரி இல்லை, இரைந்து சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் அணிலும் நாயும் பேசும். மனுசப் பிறவி ஒவ்வொன்றின் மூக்கு வாசலிலும் கடுகளவில் ஓர் அணில் காவல் இருக்கும். எது நுழைந்தாலும் கத்தும். உடனே தும்மல் வரும், வந்தது வெளியே போய் விழும்.

உப்பளத்தில் சுமை தூக்கிய வெள்ளைத்தாய்க்கு அதுதான் தொல்லை. உப்புத்தூசி பறந்தால் அணில் கத்தும். அவள் தும்முவாள், தலையில் கூடை சாயும்.

"ஏ வெள்ளைத்தாயி, உப்பைச் சுமக்கிறியா, விதைக்கிறியா?" என்று கங்காணி கேட்க, அளமே சிரித்தது.

அன்றைக்கே அணிலை விரட்டிவிட்டு, அதே கடுகளவில் ஒரு நாயைக் காவலுக்கு வைத்தாள். ஒருதரம் மோந்த வாடையை நாய் மறக்காது. பழகினவன் வந்தால் குரைக்காது. இதைப் பார்த்து மற்ற பெரியவர்களும் அணிலை விரட்டினார்கள். பிள்ளைகளிடம் மட்டும் அணில் இருந்தது.

அப்போதுதான் உடம்பெல்லாம் முள் வைத்த கள்ளன் ஒருவன் வந்தான். முதலில் வெள்ளைத்தாயின் மகள் கிளியம்மையின் மூக்கில் ஏறினான். அவளுடைய அணிலுக்கு யாரையும் தெரியாது, அதனால் யாரையும் நம்பாது. அது கத்திய கத்தலில் பிள்ளை ஒன்பது தும்மல் போட்டாள். ஒருநாள் காய்ச்சலோடு விளையாடப் போய்விட்டாள். ஆனால் கள்ளன், அவளை மடியில் வைத்திருந்த தாயின் மூக்கில் போய் விழுந்தான்.

"நாயண்ணே, விடாதே! இவன் புதுசு!" என்று அணில் அலறியது.

நாய் மோந்து பார்த்தது. "போடி, தூசிக்குக் கத்துறவளே. இவன் சளி வீட்டுப் பங்காளி. அதே வாடைதான்." வழிவிட்டுப் படுத்துக்கொண்டது.

எட்டாம் நாள் நெஞ்சுக்குள் சத்தம் கேட்டு நாய் எழுந்தது. உள்ளே ஆயிரம் கள்ளர்கள். வெட்கமும் ஆத்திரமுமாகத் தன் கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டுப் பாய்ந்தது. நாய்கள் கள்ளனையும் கடித்தன, நெஞ்சையும் கடித்தன.

"கிளி, தண்ணி" என்றாள் வெள்ளைத்தாய். மகள் செம்போடு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"அவனைத்தான் கடிக்கிறேன்னு நெனச்சேன்" என்றது நாய்.

"அவனை அங்க தள்ளிவிட்டதே நான்தானே" என்றது அணில்.

பெரியவர்கள் அணில்களிடம் போய் அழுதார்கள். "திரும்பி வாங்கம்மா."

"வர்றோம். தூசிக்கும் கத்துவோம். பொறுத்துக்குவீங்களா?"

அளத்தில் மணி அடித்தது. பெரியவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று முதல்தான் அந்தக் கள்ளன் வந்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூக்கோடு போகிறது, பெரியவர்களுக்கு நெஞ்சில் இறங்குகிறது. கிளியம்மையும் வளர்ந்தாள். அவள் முதல் கூடை தூக்கிய காலையில், காவலுக்கு வந்த புது நாயின் காதில் அணில் அந்தக் கள்ளனின் வாடையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நாய் தூங்கிவிட்டிருந்தது. அது தெரிந்தும், கடைசிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் அணில் வாசலைவிட்டு இறங்கியது.