மைத்துனரின் தேரும் எண்ணெய் வண்டியும்

வேங்கைக்காடு என்று ஒரு நாடு. அது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். வழி சொல்லி முடிப்பதற்குள் கதை ஆறிப்போகும். அந்த நாட்டுக் குதிரைகள் அவ்வளவு வேகம். தேர் தெருமுனை திரும்பிப் போன பிறகுதான் அதன் நிழல் மூச்சிரைக்க வந்து சேரும். அப்படி ஓட்டினால் மோதாமல் இருக்குமா?

யார்மேல் தப்பு என்று கண்டுசொல்ல அரசர் மாறவேள் ஒருவரை வைத்திருந்தார். அவர்தான் ஆய்வாளர் கூத்தபிரான். சக்கரத் தடம், முறிந்த அச்சு, சிதறிய சில்லு இவற்றைப் பார்த்தே எது எதை இடித்தது என்று சொல்லிவிடுவார். மரியாதையான உத்தியோகம்தான். ஆனால் வெயிலில் முட்டி போட்டுத் தடம் பார்க்கையில் இந்தப் பக்கத்துக்காரன் திட்டுவான், அந்தப் பக்கத்துக்காரன் மண்ணை வாரி இறைப்பான். இரண்டு பேரும் ராசியாகி, ஒன்றாக அவரை அடிக்க வந்ததும் உண்டு. சமாதானம் செய்து வைத்தோமே என்று மனசைத் தேற்றிக்கொள்வார்.

அது போதாதென்று அரசரின் மைத்துனர் வல்லபராயர் தேர்களுக்கெல்லாம் அதிகாரியாக வந்து சேர்ந்தார். வந்தவர் தேரோட்டிகளை விட்டுவிட்டு ஆய்வாளருக்குச் சட்டம் போட்டார். மோதல் நடந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகே ஆய்வாளர் அங்கே கால் வைக்கலாம். தேர்க்காரர் சொல்வதை எழுத்துப் பிசகாமல் உறுதிசெய்ய வேண்டும். மாற்றிச் சொன்னால் நாடுகடத்தல்.

"பெருக்கிவிட்டால் தடம் ஏது ஐயா?" என்றார் கூத்தபிரான்.

"தெரு சுத்தமாக இருக்குமே! உமக்கும் முட்டி வலிக்காது" என்றார் வல்லபராயர்.

ஒருநாள் வல்லபராயரின் தேரே எண்ணெய் விற்கும் பேராச்சியின் வண்டியோடு மோதியது. கூத்தபிரான் ஓடிப் போய்ப் பார்த்தால், தெருவைக் கழுவிக் கோலமே போட்டுவிட்டார்கள்.

"ஐயா, நான் ஓரமாத்தான் போனேன். மேட்டுலேருந்து தேர் வந்து இடிச்சுது. தப்பு என் மேலதான்னு சொல்லி மாட்டைப் பிடுங்கப் போறாங்களாமே!" என்று அழுதாள் பேராச்சி.

கூத்தபிரானுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஊரை விட்டுப் போக வேண்டும். பொய் சொன்னால் இவள் மாடு போய்விடும். நேரே தெய்வச்சிலையாரிடம் போனார். அவர் அரசவையில் இருந்தவர். வேலை என்று எதுவும் கிடையாது; அதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் என்ன சொல்கிறது?" என்றார் தெய்வச்சிலையார்.

"தேர்க்காரர் சொல்வதை எழுத்துப் பிசகாமல் உறுதிசெய்யச் சொல்கிறது."

"செய்துவிட்டால் போகிறது. நாளைக்கு வாயைத் திறக்காமல் என் பக்கத்தில் நில்லும்."

மறுநாள் சபையில் வல்லபராயர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். "என் தேர் கோயில் வாசலில் அசையாமல் நின்றது. நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வண்டி காற்றாய்ப் பறந்து வந்து இடித்தது. என் சக்கரம் தூள்தூளானது."

"அரசே, சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்தால்தானே ஆய்வாளர் உறுதிசெய்ய முடியும்?" என்றார் தெய்வச்சிலையார். "தேரைப் பழுது பார்த்தாயிற்று. அதே இடத்தில் நிறுத்துவோம்."

அரசர் தலையாட்டினார். ஊரே கோயில் வாசலில் கூடிவிட்டது. உச்சி வெயில். வல்லபராயர் தேரில் ஏறினார். குடைக்காரன் பின்னாலேயே ஏறப் போனான்.

"நீ எங்கேயப்பா போகிறாய்?" என்று தடுத்தார் தெய்வச்சிலையார். "அவர் தனியாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறாரே!"

"தண்ணீராவது..." என்றார் வல்லபராயர்.

"வாக்குமூலத்தில் தண்ணீர் இல்லை, ஐயா."

பேராச்சியின் வண்டி புறப்பட்டது. அந்த மாடுகள் அரசரின் பாட்டனார் காலத்துக் கன்றுக்குட்டிகள். கொஞ்ச தூரம் வரும், நின்று யோசிக்கும். சாணி போடும், போட்டதைத் திரும்பிப் பார்க்கும். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கடைசியில் ஒரு மாடு தேர்ச் சக்கரத்தில் சொகுசாக முதுகைச் சொறிந்துகொண்டது.

"சக்கரம் தூளாகவில்லையே!" என்று உதட்டைப் பிதுக்கினார் தெய்வச்சிலையார். "பேராச்சி, வண்டியைத் திருப்பு. முதலிலிருந்து!"

மறுபடியும் வந்தன. இந்தத் தடவை தேரில் கட்டியிருந்த பூமாலையைத் தின்றன. வல்லபராயரின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீசை தொங்கிப்போனது.

"இன்னொரு தரம்!" என்றார் தெய்வச்சிலையார்.

வல்லபராயருக்கு மண்டை வெடித்தது. "யோவ், உமக்கு மூளை இருக்கிறதா? இந்தச் சவலை மாடு இடித்து எந்தக் காலத்தில் சக்கரம் உடையும்? நான் மேட்டிலிருந்து குதிரையை முடுக்கி இறங்கினால்தானே உடையும்!"

சொன்னவருக்கே தாம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

அரசர் மெல்லத் திரும்பினார். "ஆய்வாளரே, உம் முடிவு என்ன?"

கூத்தபிரான் கைகட்டி நின்றார். "அரசே, சட்டத்தை மீற எனக்குத் தைரியமில்லை. தேர்க்காரர் இப்போது சொன்னதை எழுத்துப் பிசகாமல் உறுதிசெய்கிறேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்களெல்லாம் பறந்துபோயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே ஆணையிட்டார். இனி ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை தெருவில் துடைப்பம் படக் கூடாது. அவருக்கு இரண்டு காவலர்களும் ஒரு பந்தலும் உண்டு. தேர் அதிகாரி அவருக்கு மேலதிகாரி இல்லை. கொட்டிய எண்ணெய்க்கு மைத்துனர் பொறுப்பு. தெய்வச்சிலையாருக்குப் பொன்னாடை.

"அந்தத் தேர் இனி ஆய்வாளர் வசம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்படியானால் நான் வீட்டுக்கு எப்படிப் போவது?" என்று முனகினார் வல்லபராயர். பொடி சுடும் தரையில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நின்றார்.

பேராச்சிக்குப் பாவமாய்ப் போய்விட்டது. வண்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறிக்கோங்க சாமி, நான் கொண்டுபோய் விடுறேன். ஆனா ஒண்ணு, இறக்கம் வந்தா கயித்தை மட்டும் உங்க கையில கேட்கக் கூடாது!"