நாற்பது ஓலை விண்ணப்பம்

நெடுங்கரை அரசர் அழகேந்திரனின் பெரிய ஏரிக்குக் காவலர் ஒருவர் தேவைப்பட்டார். வேலை கேட்பவர்கள் தங்களைப் பற்றி எழுதித் தர வேண்டும். அது நாற்பது ஓலைக்குக் குறையக் கூடாது என்று பிரதானி தாண்டவராயர் விதி போட்டார். அந்த வேலைக்கு நின்ற அவருடைய மைத்துனனுக்கு வம்சாவளி மட்டுமே இருபத்தெட்டு ஓலை வரும்.

கருத்தாண்டிக்கு வம்சம் தாத்தாவோடு நின்றுவிடும். பதின்மூன்று வருடம் சின்ன ஏரியைக் காத்தவன். அதைப் பெரிய ஏரியோடு சேர்த்துவிட்டதால் வேலை போயிற்று. இதுவும் கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அரசவையில் சாமர்த்தியத்துக்குப் பேர்போன நல்லசிவத்திடம் போய் நின்றான்.

நல்லசிவம் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார். ஏரியைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னான். வேறு?

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

ஒரே ஓலையில் முடிந்தது. அதிலும் பாதி காலி. மீதி முப்பத்தொன்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, நல்லசிவம் சின்ன ஏரிக்கரை ஊருக்கு வண்டி கட்டினார்.

அவையில் மைத்துனனின் சுவடியை வாசித்தார்கள். கொள்ளுப்பாட்டனார் யானை ஏறிய இடத்தில் அரசர் கண்ணயர்ந்தார். எழுப்பி, கருத்தாண்டியின் சுவடியைக் கையில் கொடுத்தார்கள். முதல் ஓலையைப் படித்தார். இரண்டாவது காலி. மூன்றாவதும் காலி. கடைசிவரை அப்படித்தான், ஓரத்தில் ஊர்ச்சபையின் முத்திரை மட்டும் இருந்தது.

"என்ன நல்லசிவம், வெற்று ஓலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்?"

"புகார் ஓலைகள், மகாராஜா. ஒவ்வொரு போகமும் அறுத்ததும் மடையில் ஓர் ஓலையைத் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். காவல்காரன் மேல் குறை உள்ளவர்கள் அதில் எழுதலாம். பத்து நாள் கழித்துச் சபை முத்திரையிட்டு எடுத்து வைக்கும். வருடம் மூன்று போகம். இவன் இருந்தது பதின்மூன்று வருடம்."

பிரதானி கனைத்தார். "அந்த ஊரில் யாருக்கும் எழுதத் தெரியாதோ என்னவோ."

"தெரியும், சுவாமி. இவனுக்கு முன்னால் இருந்த காவல்காரரைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் வண்டியில் ஏற்றிப் பார்த்தேன். மாடு இழுக்கவில்லை."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். ஏரியைக் கருத்தாண்டியிடம் ஒப்படைத்தார். நல்லசிவத்துக்கு நல்ல மாடாக ஒரு ஜோடி கொடுக்கச் சொன்னார்.