வெள்ளெலி தோண்டிய ஆழம்

பொட்டல்காட்டில், ஒரு கரையான் புற்றுக்குக் கீழே பள்ளமான இடத்தில், செவலி என்ற வெள்ளெலி வளை தோண்டிக்கொண்டே இருந்தது. விடிந்தால் தோண்டும். பொழுது சாய்ந்தாலும் தோண்டும். முன்கால் நகங்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன.

காரணம் இருந்தது. போன கோடையில் தரை அடுப்பாகக் கொதித்தது. அப்போது வளை ஆழமில்லை. உள்ளே கிடந்த குட்டிகளில் இரண்டு சூடு தாங்காமல் செத்துப்போயின. அன்று முதல் செவலிக்கு ஒரே நினைப்புதான். இன்னும் கீழே போக வேண்டும். கீழேதான் குளிர்ச்சி.

இந்தத் தடவை நான்கு குட்டிகள். எதுவும் இன்னும் கண் திறக்கவில்லை.

பக்கத்துக் கல்லிடுக்கில் குண்டான் என்ற தேரை குடியிருந்தது. ஒரு நாள் அது வளை வாசலில் வந்து எட்டிப் பார்த்தது.

“அக்கா, கொஞ்சம் வெளியே வந்து பாரேன். எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு புற்றுமேல் ஏறுகிறது.”

“ஏறட்டும். எனக்கு வேலை கிடக்கிறது.”

“தும்பியும் தாழப் பறக்கிறது. மழை பெரிதாக இருக்கும்போலத் தெரிகிறது. குட்டிகளை மேட்டுப் பக்கம் கொண்டுபோய்விடு. அங்கே சின்னதாக ஒரு வளை போதும்.”

செவலி மண்ணைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கியது. “என் காலைப் பார். ஒரு வளை தோண்டவே உயிர் போகிறது. இதில் இன்னொன்றா? அடுத்த கோடைக்கு நீயா வந்து என் பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறாய்?”

போன கோடையில் செத்த குட்டிகளைக் குண்டானும் பார்த்திருந்தது. திரும்பிப் போனது.

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து ஓடிவந்த செந்தண்ணீர் நேராக வளைக்குள் இறங்கியது. செவலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே ஓடியது. ஏறுகிறது, ஏறுகிறது, வழி முடியவில்லை. அத்தனை ஆழம் தோண்டி வைத்திருந்தது. குட்டியைப் புற்றின்மேல் விட்டுவிட்டு மறுபடி இறங்கியது. இரண்டாவதைக் கொண்டுவந்தது. மூன்றாவதைத் தூக்கிவரும்போது தண்ணீர் முதுகுக்கு மேல் ஓடியது.

நான்காவதைத் தேடிப் போனபோது வாசலே தெரியவில்லை. சேறு சுழன்றுகொண்டிருந்தது. செவலி அதற்குள் பாயப் போனது. குண்டான் குறுக்கே விழுந்து மறித்தது.

“போகாதே அக்கா. அந்த மூன்றுக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?”

“ஒன்று உள்ளே கிடக்கிறதே.”

“நான் போகிறேன். எனக்கு நீந்தத் தெரியும்.”

குண்டான் முங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் வெறும் வாயோடு மேலே வந்தது. செவலியின் முகத்தைப் பார்க்காமல் கரையில் உட்கார்ந்தது.

மழை விட்டபின் மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்தபடி செவலி மெல்லச் சொன்னது: “கோடை வரும் என்றுதானே தோண்டினேன்.”

“வரும் அக்கா. அதற்குள் மழை வந்துவிட்டது.”

ஈரம் கொஞ்சம் காய்ந்ததும் செவலி எழுந்து மேட்டுப் பக்கம் போனது. உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் தோண்டத் தொடங்கியது. கீழே கொஞ்சம் இறங்கி, பிறகு மேல்நோக்கித் திருப்பி ஒரு வாசல் வைத்தது. நடுநடுவே நிறுத்தி வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. குண்டான் பக்கத்தில் இருந்து மண்ணைத் தள்ளிக் கொடுத்தது.

நேற்றுப் பட்ட துன்பத்துக்கு மட்டும் காவல் போடுகிறவர்களை, நாளைய துன்பம் வேறு வழியாக வந்து பிடித்துக்கொள்ளும்.