சார்ஜ் ஏறும்போது பேசக்கூடாது

ஆறு இரண்டாகப் பிரிந்து, எந்தப் பக்கம் போவதென்று முடிவாகாமல் திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிற இடத்தில் நத்தமேடு என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் வாத்து மேய்த்துப் பிழைத்தார்கள். மூத்தவர் கலியபெருமாள். நடுவில் வைரக்கண்ணு. கடைசி பக்கிரிசாமி. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார்கள். அதனாலேயே ஊரில் அவர்களிடம் யாரும் எதையும் சொல்வதில்லை.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பேச வேண்டிய மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும்போது போன் எதற்கு?

கலியபெருமாளுக்குக் காதோரம் நரைத்த பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் தட்டிப்போயிருந்தன. ஒரு தடவை பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவரை, "யாருய்யா நீ, எங்க வீட்டுக்குள்ள நொழையற?" என்று மூன்று பேரும் சேர்ந்து வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுவிட்டார்கள்.

இப்போது வந்த பெண் வேதாரண்யத்துப் பக்கம். பெயர் செந்தாமரை. அவளுடைய அண்ணன் துரைமாணிக்கம் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். லீவு கிடைக்காது, மாப்பிள்ளையை வீடியோ காலில் பார்த்துப் பேசிப் பிடித்தால்தான் சரி சொல்வேன் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

"அதனால ஒரு டச் போன் வாங்கிடுங்க" என்றார் தரகர் அப்பாசாமி. "கலியபெருமாள், ஒனக்கு இதுதான் கடைசி. இதையும் விட்டா வாத்தோடதான் குடித்தனம்."

கலியபெருமாள் வாத்துகளைப் பார்த்தார்.

மறுநாள் டவுனுக்குப் போய் போன் வாங்கினார்கள். கடையில் இருந்த ரெஜினா என்ற பெண் நல்ல பொறுமைசாலி. எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்து, எடுக்க இந்தப் பொத்தான், வைக்க அந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தாள்.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கும்போது பேசாதீங்க. பின்னாடி ஓடிக்கிட்டிருக்கறதை எல்லாம் அப்பப்ப நிறுத்திடுங்க. அதுங்கதான் சார்ஜைத் தின்னுடும். டேட்டா தெனமும் கொஞ்சம்தான் வரும். அது தீந்துட்டா எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்."

மூன்று பேரும் பஸ்ஸில் அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நல்ல சீட்டாகக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டார்கள். போட்ட நிமிஷமே மூன்று வாயும் மூடிக்கொண்டன.

அடுப்பில் சோறு தீய்ந்தது. வைரக்கண்ணு மூக்கைத் தொட்டுக் காட்டினான். பக்கிரிசாமி தன் மூக்கில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டான். கலியபெருமாள் இரண்டு பேரையும் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். சோறு கரியாகி முடிந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் மணி அடித்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். துரைமாணிக்கத்தின் முகம் தெரிந்தது.

"வணக்கம்! இதுல மாப்பிள்ளை யாரு?"

கலியபெருமாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்கீங்களா?"

தலையை ஆட்டினார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

கலியபெருமாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் மடக்கி, பின்புறத்தை அசைத்து அசைத்து நாலு எட்டு நடந்து காட்டினார். கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று தம்பிகள் இரண்டு பேரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

துரைமாணிக்கம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு போன் கட்டாகிவிட்டது.

தரகர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மூணு பேரும் ஊமையாம், அண்ணனுக்குப் புத்தியும் சரியில்லையாம்! துரைமாணிக்கம் என்னைக் கேக்காத கேள்வி இல்ல! என்னடா பண்ணித் தொலைச்சீங்க?"

மூன்று பேரும் சுவரில் தொங்கிய ஒயரைக் காட்டினார்கள். தரகருக்கு ஆத்திரம் வந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார். உடனே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அத்தனை நேரம் சேர்த்து வைத்திருந்த பேச்சு. அதில் தரகருக்குப் புரிந்தது, "சோறு தீயுது" என்பது மட்டும்தான்.

தரகர் துரைமாணிக்கத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட ஒப்புக்கொள்ள வைத்தார். "சார்ஜ் இருக்கணும். டேட்டா இருக்கணும். வாயில பேச்சு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனில் சார்ஜ் முழுதாக ஏறியிருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு புள்ளி குறைந்திருந்தது. கலியபெருமாள் கலங்கிப்போனார்.

"எறங்குதுடா" என்றார்.

வைரக்கண்ணு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, ஏறினது எந்த வழியா?"

"இந்த ஓட்டை வழியாத்தான்."

"அப்ப எறங்கறதும் அந்த வழியாத்தானே இருக்கணும்? வேற வாசல் இல்லையே."

இதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். ஏறுகிற எதுவும் வந்த வழியேதான் இறங்கும், தென்னை மரம் ஏறுகிறவன்கூட அப்படித்தான் என்று பக்கிரிசாமி சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. வயலிலிருந்து நல்ல பசைக் களிமண்ணாகக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் அடைத்து, விரலால் வழவழவென்று பூசிவிட்டார்கள்.

"இனிமே எப்படி எறங்குதுன்னு பாக்கறேன்" என்றான் வைரக்கண்ணு.

ஆனாலும் இறங்கியது.

"பின்னாடி ஓடறது தின்னுடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே" என்றான் பக்கிரிசாமி. மூன்று பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வாத்துகள் ஓடி வந்துகொண்டிருந்தன. அவர்கள் எங்கே போனாலும் பின்னால் ஓடி வருவதுதான் அந்த வாத்துகளின் வழக்கம்.

"இத்தனை நாளா நெல்லும் நத்தையும் போட்டு வளத்தோம். கடைசியில நம்ம சார்ஜையே தின்னுட்டுதுங்க" என்று கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாத்துகளை நிறுத்த வேண்டியதாயிற்று. வாத்தை நிற்க வைப்பது லேசான காரியம் இல்லை. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று நடக்கும். கடைசியில், வாத்து நம் பின்னால் வந்தால்தானே வம்பு, நாம் வாத்துக்குப் பின்னால் போய்விட்டால் என்ன என்று வைரக்கண்ணு ஒரு வழி சொன்னான். அதன்படி மூன்று பேரும் வாத்துகளின் பின்னால் நடந்தார்கள். வாத்துகளோ அவர்கள் பின்னால் போவதற்காகத் திரும்பி வந்தன. இவர்கள் மறுபடி சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். இப்படியே ஒரு பகல் முழுக்கப் புளிய மரத்தைச் சுற்றி வந்தார்கள். யார் யாரை மேய்க்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமி களைப்பாற உட்கார்ந்து போனில் சீனாக்காரர்கள் வாத்து மேய்க்கிற வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. "உங்கள் டேட்டா தீர்ந்துவிட்டது. இனி வேகம் குறையும்."

பக்கிரிசாமி அதை வாசித்துக் காட்டினான். கலியபெருமாள் தண்ணீர்ச் செம்பை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கேட்டதும் கையை அப்படியே மெதுவாக்கினார். செம்பு வாய்க்கு வந்து சேர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் வாத்துகள் பக்கத்து வயலில் இறங்கிவிட்டன. அது கோவிந்தராசு என்பவரின் வயல். அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்.

"எலே, வாத்தை வெரட்டுங்கடா!" என்று கத்தினார்.

மூன்று பேரும் வரப்பில் கிளம்பினார்கள். வலது காலைத் தூக்கினார்கள். காற்றில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். பிறகு இறக்கினார்கள். பக்கிரிசாமி, "ப்பா... ப்பா... ப்பா..." என்று வாத்தைக் கூப்பிட்டதில் ஒவ்வொரு "ப்பா"வுக்கும் நடுவில் ஒரு வாத்து ஒரு நாற்றைப் பிடுங்கிவிட்டது.

"ஓடுங்கடா, பாவிங்களா!"

"டே... ட்டா... இல்... லைங்க..." என்றார் கலியபெருமாள்.

கோவிந்தராசு கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அடி வாங்கியபோதும் அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. முதல் அடிக்கு, "ஐ..." என்று ஆரம்பித்த வைரக்கண்ணு, "...யோ" என்று முடிப்பதற்குள் கோவிந்தராசு கை ஓய்ந்துபோய், அழுதுகொண்டே தானே வாத்துகளை ஓட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது டேட்டா வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்று பேரும் துள்ளி எழுந்தார்கள். ஆனால் சார்ஜ் உயிர் போகிற நிலையில் இருந்தது. ஒயரைச் செருகப் பார்த்தால் செருக முடியவில்லை. களிமண் காய்ந்து செங்கல் ஆகியிருந்தது.

"நாம அடைச்சும் அது எறங்கிட்டுது. இப்ப ஏறத்தான் வழியில்ல" என்று கலியபெருமாள் தலையில் கை வைத்தார். செந்தாமரையை அவர் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார். அந்தப் போட்டோவை நினைத்து அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. ஓடிப்போய் பஸ் பிடித்தார்கள்.

ரெஜினா போனை வாங்கிப் பார்த்தாள். ஊக்கை எடுத்துச் சுரண்டினாள். மேஜையில் மண் கொட்டியது.

"வயல்ல விழுந்துட்டுதாண்ணே?"

"இல்லம்மா. நாங்கதான் பூசினோம்" என்றார் கலியபெருமாள் பெருமையாக.

ரெஜினா மிச்ச மண்ணையும் ஊதிவிட்டாள். சார்ஜில் போட்டாள். போட்டதுமே மணி அடித்தது. துரைமாணிக்கம்!

"ஹலோ? இன்னைக்காவது பேசுவீங்களா?"

மூன்று பேரும் ஒயரைப் பார்த்தார்கள். வாயை இறுக்கிக்கொண்டார்கள். கலியபெருமாளின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பேச அவ்வளவு ஆசை.

"பேசுங்கண்ணே!" என்றாள் ரெஜினா.

வைரக்கண்ணு ஒயரைக் காட்டினான். ரெஜினாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேசாதீங்கன்னு நான்தானே சொன்னேன், இப்ப நானே சொல்றேன், பேசலாம்!" என்றாள்.

"மச்சான்! நான் ஊமை இல்ல!" என்று கலியபெருமாள் போட்ட சத்தத்தில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. "வாத்து மேய்க்கறோம்! அதைத்தான் அன்னைக்கு நடந்து காட்டினேன்! ஒங்க தங்கச்சியை நல்லா வச்சுக்குவேன்!"

துரைமாணிக்கம் சிரித்துவிட்டான். "சரி சரி, தங்கச்சியையும் சேக்கறேன். அப்படியே லைன்ல இருங்க."

மூன்று பேரும் உடனே லைனில் நின்றார்கள். போனைப் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமி முன்னால், அவனுக்குப் பின்னால் வைரக்கண்ணு, கடைசியில் கலியபெருமாள். கடைக்கு வந்தவர்கள் ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று கலியபெருமாளுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவில் போனவர்களும் நின்றார்கள். வரிசை பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியது.

திரையில் செந்தாமரை வந்தாள். வரிசையைப் பார்த்துத் திகைத்தாள்.

"இதுல யாரு மாப்பிள்ளை?"

வைரக்கண்ணுவின் தோளுக்கு மேல் ஒரு கை எழுந்து ஆடியது.

"எதுக்கு இத்தனை பேரு நிக்கறாங்க?"

"ஒங்க அண்ணன் நிக்கச் சொன்னாருங்க" என்றது கைக்குச் சொந்தமான குரல்.

செந்தாமரை வரிசையை இன்னொரு தடவை பார்த்தாள். "அண்ணே, ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஊரே திரண்டு நிக்குது. இப்படிச் சொன்ன பேச்சு கேக்கற மாப்பிள்ளை வேற எங்க கெடைக்கும்? எனக்குச் சம்மதம்" என்றாள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. கல்யாணம் முடிந்து செந்தாமரை நத்தமேட்டுக்கு வந்தாள். வந்த அன்று கலியபெருமாளுக்கு அவளைப் போட்டோ எடுக்க ஆசை வந்தது. வீட்டுக்குள் நிற்கவைத்துப் பொத்தானை அமுக்கினார். போனில் ஒரு செய்தி வந்தது.

"போதிய இடமில்லை. தேவையில்லாதவற்றை நீக்கவும்."

கலியபெருமாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். போன் சொன்னது நியாயம்தான். சின்ன வீடு. தம்பிகள் கட்டிலை வெளியே தூக்கிப் போட்டார்கள். மறுபடி அமுக்கினார். இடமில்லை. குதிர் வெளியே போனது, உள்ளே இருந்த நெல்லோடு. பிறகு அண்டா, குண்டான், ஆட்டுக்கல், சீராக வந்த பீரோ. வீட்டில் பாய்கூட மிச்சமில்லை. இடமில்லை என்றுதான் வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் தேவையில்லாம நிக்கறோம்ணே" என்று தம்பிகள் வெளியே போனார்கள். அப்போதும் இடமில்லை.

கலியபெருமாள் தயங்கித் தயங்கி செந்தாமரையைப் பார்த்தார். டவுன் பக்கம் வளர்ந்த பெண். அவள்தான் இனிமேல் இந்த வீட்டுக்குப் புத்தி சொல்லவேண்டியவள். அவள் போனை வாங்கி, செய்தியை ஒரு தடவை நிதானமாக வாசித்தாள்.

"இவ்வளவுதானா விஷயம்?" என்றாள். போனைக் கூடத்தின் நட்டநடுவில் தரையில் வைத்தாள். புருஷன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"நாமளும் வந்துட்டோம். இப்ப முழு வீடும் அதுக்குத்தான். எடம் போதுமான்னு அதுவே நிம்மதியாப் பாத்துக்கட்டும். போதும்னா மணி அடிக்கும்."

அவர்கள் நாலு பேரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் கஷ்டம் என்று பக்கத்து வீட்டை விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். தங்குவதற்கு இல்லை. நடுச்சுவரை இடித்துவிட்டால் போனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமே என்றுதான்.